பஸ்ஸில் போனவர் வந்தார், பஸ் நின்றது!

2015 ஜூலை 20, திங்கள்கிழமை காலை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் புறநகர் ரயில் பாஸ் விற்பதற்காக ஓர் இணையதளத்தைத் திறந்தார்கள். ஒரு நாள் பாஸ், விலை பத்து டாலர். பயணம் இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 26, 27 தேதிகளில். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போப் பிரான்சிஸ் ஊரில் இருப்பார் என்பதால் ரயிலில் ஏற முன்கூட்டியே இடம்பிடித்தாக வேண்டும் என்று அறிவித்திருந்தது செப்டா. பிலடெல்பியாவின் பஸ், ரயில், டிராம் எல்லாவற்றையும் ஓட்டும் அரசு அமைப்பு அது.

திறந்த கையோடு தளம் படுத்துவிட்டது. சில நூறு பாஸ் விற்பதற்குள் கூட்டம் தாங்காமல் மொத்தமும் முடங்கியது. விற்பனையை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, சில நாள் யோசித்து, கடைசியில் செப்டா கண்டுபிடித்த வழி: குலுக்கல். பெயரைப் பதிவு செய்யுங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ரயிலில் ஏறலாம். மொத்தம் மூன்றரை லட்சம் பாஸ், நாளொன்றுக்கு 1,75,000. வழக்கமான வேலை நாளில் அந்த ரயில்களில் போய்வருவோர் சுமார் 1,30,000 பேர்தான் என்பதால், தங்கள் சக்திக்கு மீறி ஏற்பாடு செய்வதாகவே செப்டா நினைத்தது. அதற்காக இன்னொன்றையும் செய்தது. நூற்றைம்பதுக்கும் மேலான நிலையங்களில், நகர மையத்துக்கு வெளியே 18-ஐ மட்டும் திறந்து வைத்து, மற்ற நிலையங்களில் ரயில் நிற்காது என்று அறிவித்தது. வீட்டுக்கு எதிரே நிலையம் இருக்கும். ரயிலும் அந்த வழியேதான் போகும். ஆனால் ஏற முடியாது.

இத்தனையும் யாருடைய வருகைக்காக? ஹோர்கே பெர்கோலியோ என்ற பெயரில் பியூனஸ் அயர்ஸின் பேராயராக இருந்த காலத்தில் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் போய்வந்த மனிதருக்காக. பேராயருக்கென இருந்த மாளிகையில் குடியிருக்காமல் ஒரு சின்ன வீட்டில் தானே சமைத்துச் சாப்பிட்டவர். 2008-ல் பியூனஸ் அயர்ஸ் சுரங்க ரயிலில் கறுப்பு அங்கியோடு பயணிகள் நடுவே அவர் உட்கார்ந்திருக்கும் படம் பின்னர் உலகம் முழுக்கச் சுற்றியது. 2013 மார்ச் 13 அன்று போப்பாகத் தேர்வான இரவிலும், தனக்கென நிறுத்தியிருந்த காரை விட்டுவிட்டு மற்ற கர்தினால்களோடு பஸ்ஸில் ஏறித் தங்குமிடம் திரும்பினார். கத்தோலிக்கத் திருச்சபையின் நெடிய வரலாற்றில் பஸ்ஸை இந்த அளவு நேசித்த போப் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அவருக்காகத்தான் ஒரு நகரத்தின் பஸ்கள் தடம் மாறின, நின்றன.

அவர்மீது குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்டிருக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு பெரியவர் ஊருக்குள் வரும்போது நேரம் வீணாகத்தான் செய்யும். அது வருகிறவருடைய நேரமா, ஊராருடைய நேரமா என்பதைப் பாதுகாப்பு வரைபடம் போடுகிறவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தீர்மானத்தைப் பற்றியது.

பெட்டிக்குள் ஒரு நகரம்

உலகக் குடும்ப மாநாடு என்று மூன்று ஆண்டுக்கொரு முறை கத்தோலிக்கர்கள் நடத்தும் கூட்டம் அந்த ஆண்டு பிலடெல்பியாவில். அதன் நிறைவுத் திருப்பலிக்குத்தான் பிரான்சிஸ் வந்தார். அதற்கு முன் வாஷிங்டன், நியூயார்க் இரண்டையும் முடித்திருந்தார். வாஷிங்டனில் அரசு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். நியூயார்க்கில் அவர் சென்ட்ரல் பார்க் வழியாகக் கையசைத்துக் கொண்டு போகும் சில நிமிடக் காட்சிக்கு 80,000 டிக்கெட், அதற்கும் குலுக்கல். இலவசமாகக் கிடைத்த டிக்கெட்டைச் சிலர் இணையத்தில் விலைக்குப் போட்டார்கள் என்பது தனிக் கதை. இருந்தாலும் நியூயார்க்குக்கு இது பழகிப்போனது. ஐ.நா. பொதுச்சபை கூடும் வாரத்தில் ஆண்டுதோறும் உலகத் தலைவர்கள் வந்து அந்த ஊரை முடக்குவார்கள். பிலடெல்பியாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சுமார் பதினைந்தரை லட்சம் பேர் வாழும் நகரம், குறுகலான பழைய தெருக்கள், நடுவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பார்க்வே என்ற ஓர் அகலச் சாலை. அந்தச் சாலையில்தான் திருப்பலி. எதிர்பார்த்த கூட்டம் பத்து லட்சத்துக்கு மேல். பதினைந்து லட்சம் என்றும் சொன்னார்கள். ஊர் ஜனத்தொகை அளவுக்கு இன்னொரு ஜனத்தொகை.

நகர மையத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டார்கள். அதிகாரிகள் அதை ‘டிராஃபிக் பாக்ஸ்’ என்றார்கள். ஊர்க்காரர்கள் வெறுமனே ‘பெட்டி’ என்றார்கள். கிழக்கே டெலவேர் நதி, தெற்கே சவுத் ஸ்ட்ரீட், மேற்கே இன்னோர் ஆற்றைத் தாண்டிப் பல்கலைக்கழகப் பகுதி வரை. விதி எளிமையானது: பெட்டிக்குள் இருக்கும் கார் வெளியே போகலாம். போனால் திரும்பி வர முடியாது. அதற்குள் இன்னொரு சின்ன வளையம். அங்கே காரை நிறுத்தவே கூடாது, நின்றால் இழுத்துப் போவார்கள். அதற்குள்ளும் ஒன்று; அங்கே நுழைய விமான நிலையம் போலச் சோதனை.

வெள்ளி இரவு முதல் பென் பிராங்க்ளின் பாலத்தில் வாகனம் கிடையாது. டெலவேர் நதியின் மேல் 1926-ல் திறந்த தொங்கு பாலம் அது. இக்கரையில் பிலடெல்பியா, அக்கரையில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன். சாதாரண நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டி போகும் பாலம். நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் திறந்து விட்டார்கள். பாலமும் அணுகு சாலையும் சேர்த்து மூன்று கிலோமீட்டர் நீளம், அதன் பிறகு பார்க்வே வரை மேலும் அதே அளவு தூரம். வெளியூரிலிருந்து யாத்ரீகர்களை ஏற்றி வந்த பஸ்கள் நகரின் தெற்குக் கோடியில் விளையாட்டரங்குகளின் பக்கத்தில் நின்றன. சுரங்க ரயில் ஓடியது, ஆனால் சில நிலையங்களைத் தாண்டித் தாண்டி. மேற்கிலிருந்து ஊருக்குள் வரும் பிரதான நெடுஞ்சாலை அடைபட்டது. பள்ளிகள் வாரக் கடைசியில் மூடின. நீதிமன்றத்துக்கும் விடுமுறை.

மருத்துவமனைக்கு விடுமுறை விட முடியாதே. மருத்துவர்களும் நர்ஸுகளும் வெள்ளிக்கிழமையே பையில் மாற்றுடையோடு வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைகளிலும் அலுவலக அறைகளிலும் மடக்குக் கட்டில் போட்டு ஷிப்ட் மாற்றிக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமைக்கென்று ஓராண்டுக்கு முன்பே மண்டபம் பிடித்திருந்த கல்யாண வீட்டார் பாடு வேறு. 

இந்த வரைபடத்தைப் போட்டது நகராட்சி என்று பலரும் நினைத்துத் திட்டினார்கள். மேயர் மைக்கேல் நட்டருக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் கடைசிச் சொல் அவருடையது இல்லை. ‘தேசியச் சிறப்புப் பாதுகாப்பு நிகழ்வு’ என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு நிகழ்ச்சியை அறிவித்துவிட்டால், அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் பொறுப்பேற்கும். அதிபர் பதவியேற்பு, கட்சி மாநாடுகள், ஐ.நா. கூட்டம் போன்றவற்றுக்கான ஏற்பாடு இது. அவர்களுக்குத் தெரு என்றால் குண்டு வரக்கூடிய வழி; கார் என்றால் குண்டு இருக்கக்கூடிய பெட்டி. அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. 1981 மே 13-ல் புனித பேதுரு சதுக்கத்திலேயே, அவருடைய சொந்த வாசலில், இரண்டாம் ஜான் பாலைச் சுட்டார்கள். அதன் பிறகுதான் போப்புக்குக் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு வண்டி வந்தது. பிரான்சிஸுக்கு அந்தக் கூண்டு அறவே பிடித்ததில்லை. மத்தி மீன் டப்பா என்று கேலி செய்தவர்.

இதே ஜான் பால் இதே பிலடெல்பியாவுக்கு 1979 அக்டோபரில் வந்திருந்தார். இதே பார்க்வேயில், லோகன் வட்டத்தில், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள் என்று கணக்கு. அப்போது 2015-ல் போலச் சோதனை வாசலும் இல்லை, வேலி வளையமும் இல்லை. வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். அந்த வருகையில் எழுந்த சண்டை போக்குவரத்தைப் பற்றியதல்ல, காசைப் பற்றியது. போப் திருப்பலி நிறைவேற்ற நகராட்சி தன் செலவில் ஒரு பிரம்மாண்ட மேடை கட்டிக் கொடுத்தது. அரசும் மதமும் விலகி நிற்க வேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டத்துக்கு இது எதிரானது என்று வழக்குப் போட்டார்கள். கில்ஃபிலன் எதிர் பிலடெல்பியா நகரம் என்பது வழக்கின் பெயர். 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்குப் போட்டவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. போலீஸ் காவலுக்குச் செலவு செய்யலாம், பலிபீடத்துக்குக் கூடாது. 2015-ல் மேடைச் செலவையும் நிகழ்ச்சிச் செலவையும் மாநாட்டுக் குழு நன்கொடை திரட்டிப் பார்த்துக்கொண்டது. ஆனால் மேடைக்குக் கணக்குக் கேட்ட சட்டத்துக்கு, மூடிய தெருவுக்குக் கணக்குக் கேட்க வழி தெரியவில்லை. ஓட்டல் தொழிலாளி இழந்த இரண்டு நாள் கூலி எந்த ரசீதிலும் வராது.

வராத கூட்டம்

ஊரே ஆகஸ்ட் முழுக்கப் பயந்தது. வெளியிட்ட ஒவ்வொரு வரைபடமும் பயத்தைக் கூட்டியது. எத்தனை மைல் நடக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் கொண்டுவர வேண்டும், எதெல்லாம் கொண்டுவரக் கூடாது என்ற பட்டியல்கள். ‘வாருங்கள்’ என்று ஒரு வாய் அழைக்க, ‘வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்’ என்று இன்னொரு வாய் எச்சரித்தது. தாமதமாக விழித்த நகராட்சி ‘நானும் வருவேன்’ என்று விளம்பர இயக்கம் நடத்திப் பார்த்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பினார்கள். வீட்டை வாடகைக்கு விட்டு அள்ளலாம் என்று கனவு கண்டவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஓட்டல் அறைகள் மீந்தன. குலுக்கலுக்குப் பிறகு ரயில் பாஸும் மீந்தது. மீந்ததைக் குலுக்கல் இல்லாமலே விற்றார்கள்.

செப்டம்பர் 26 காலை முதல் ரயில்கள் வந்தபோது பல பெட்டிகளில் இருக்கை காலி. நடைமேடையில் பயணிகளை விடப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் அதிகம். இருமடங்கு மாவு வாங்கிப் போட்டிருந்த உணவகங்களில் ஆள் இல்லை. வெளியூர்க்காரர்கள் வேலிக்குள் இருந்தார்கள். ஒருமுறை சோதனை முடித்து உள்ளே போனவர் சாப்பிட வெளியே வந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், எனவே யாரும் வரவில்லை. உள்ளூர்க்காரர்கள் ஊரிலேயே இல்லை. நகர மையத்து வியாபாரிகள் அந்த வார இறுதியை மறக்கமாட்டார்கள். திங்கள்கிழமை பத்திரிகையாளர்களைச் சந்தித்த மேயர் நட்டர், ஜனங்களைப் பயமுறுத்தி விரட்டியது நீங்கள்தான் என்று ஊடகங்கள் மேல் பாய்ந்தார். வேலி போட்டவர்கள் யார் என்பதை அவர் அந்த நேரம் மறந்துவிட்டார் போலும்.

ஞாயிறு திருப்பலிக்கு 8,60,000 பேர் வந்ததாக ஒரு கணக்குச் சொன்னார்கள். வான்படங்களை வைத்து எண்ணிப் பார்த்தவர்கள் அது மிக மிக அதிகம் என்றார்கள். கூட்டத்தை எண்ணுவதில் உண்மைக்கும் விருப்பத்துக்கும் நடுவே எப்போதும் சில லட்சம் இடைவெளி இருக்கும். அது நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் கூட்டம் குறைந்தும் வரிசை குறையவில்லை. இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஞாயிற்றுக்கிழமை சோதனை வாசல்களில் மணிக்கணக்கில் நின்றவர்கள் ஏராளம். கையில் முறையான அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர்களிலும் பலர் உள்ளே போய்ச் சேர்வதற்குள் திருப்பலி முடிந்தது. சிலர் தெருவிலேயே பெரிய திரையைப் பார்த்து முழங்காலிட்டார்கள். திரும்பும்போது ரயில் நிலையங்களின் வாசலில் மறுபடி வரிசை. மாதக்கணக்கில் திட்டமிட்ட பாதுகாப்பு, வராத பதினைந்து லட்சம் பேரை அருமையாகக் கட்டுப்படுத்தியது. வந்தவர்களுக்குத்தான் வாசல் போதவில்லை.

பிரான்சிஸ் அந்த இரண்டு நாளும் நேரம் தவறவில்லை. கறுப்பு நிறச் சின்ன ஃபியட் காரில், முன்னும் பின்னும் யானை உயர ராணுவ பாணி வண்டிகள் சூழ, காலியான சாலைகளில் வழுக்கிக்கொண்டு போனார். (அந்த ஃபியட்டைப் பின்னர் ஏலம் விட்டார்கள், 82,000 டாலருக்குப் போனது.) சுதந்திர மண்டபத்தின் முன், ஆபிரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்கில் உரையாற்றிய மேசையின் பின்னால் நின்று குடியேறிகளைப் பற்றிப் பேசினார். ஞாயிறு காலை கர்ரன்-ஃப்ரோம்ஹோல்ட் சிறைக்குப் போனார். அவர் உட்காருவதற்காகக் கைதிகள் தங்கள் கையால் செய்த மர நாற்காலி அங்கே காத்திருந்தது. ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார். அந்த வார இறுதியில் வரிசையில் நிற்காமல், நடக்காமல், குலுக்கலில் ஜெயிக்காமல் போப்பைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அந்தக் கைதிகள்தான்.

கொழும்பில் தாமதமானவர்

அதே ஆண்டு ஜனவரியில் அதே பிரான்சிஸ் இலங்கைக்கு வந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 8-ல் அதிபர் தேர்தல். மகிந்த ராஜபக்ச தோற்று மைத்திரிபால சிறிசேன பதவியேற்றிருந்தார். ஐந்தே நாள் கழித்து, 13-ஆம் தேதி காலை, கட்டுநாயக்கவில் போப்பின் விமானம் இறங்கியது. ஆட்சி மாறிய பரபரப்பே அடங்காத நாடு, புது அரசுக்கு நாற்காலி சூடேறவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சாலையை வெறிச்சோட வைக்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனால் விமான நிலையத்திலிருந்து கொழும்பு வரை முப்பது கிலோமீட்டருக்குத் திறந்த வண்டியில், உச்சி வெயிலில் அவர் வந்தார். வழி நெடுக ஜனம். நீர்கொழும்புப் பக்கம் கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள். ஆயர்கள் போட்ட அட்டவணை அங்கேயே உடைந்தது. அலங்கரித்த யானைகள் வேறு வரிசையாக நின்றன. வண்டி ஊர்ந்தது. கொழும்பு வந்து சேர ஏகத் தாமதமாகி, அன்று மதியம் இலங்கை ஆயர்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. தெருவில் நின்றவர்கள் பார்த்தாயிற்று. காத்திருந்து ஏமாந்தவர்கள் ஆயர்கள்.

மறுநாள் காலிமுகத்திடலில் ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். கோவாவிலிருந்து புறப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த இலங்கைக்குள் பிச்சைக்காரர் வேடத்தில் நுழைந்து, தமிழ் கற்று, யாழ்ப்பாணத்தில் தொடங்கிக் கால்நடையாகவே தீவைச் சுற்றியவர் அவர். அன்று பிற்பகல் பிரான்சிஸ் மடுவுக்குப் பறந்தார். தமிழர் பகுதிக்குப் போன முதல் போப் அவர்தான். 1970-ல் வந்த ஆறாம் பவுலும் 1995-ல் வந்த ஜான் பாலும் கொழும்போடு திரும்பியிருந்தார்கள். போர்க்காலத்தில் அகதிகள் ஒதுங்கிய, குண்டு விழுந்த, மாதா சுரூபத்தையே எடுத்துக்கொண்டு ஓட நேர்ந்த மடு தேவாலயத்தின் முன்றிலில் லட்சக்கணக்கானோர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து காட்டு மரத்தடிகளில் தங்கிக் காத்திருந்தார்கள். அங்கே அவர் ஹெலிகாப்டரில் வந்து ஹெலிகாப்டரில் போனார். வடக்குச் சாலைகளில் திறந்த வண்டி ஊர்வலம் இல்லை.

இலங்கையிலிருந்து நேரே மணிலா. அங்கே கதை வேறு. ஜனவரி 15, 16, 19 மூன்று நாளும் தலைநகர் வட்டாரத்துக்கு விடுமுறை அறிவித்தார்கள். கேட்க இனிக்கும். ஆனால் பிலிப்பைன்ஸ் சட்டப்படி இந்த வகை விடுமுறைக்கு ‘வேலை இல்லையேல் கூலி இல்லை’ என்பது பொது விதி. மாதச் சம்பளக்காரர் டிவியில் போப்பைப் பார்த்தார். தினக்கூலிக்காரர் மூன்று நாள் கூலியை விட்டார். போக்குவரத்துக் காவலர்களுக்கு நகர நிர்வாகம் இட்ட உத்தரவு உலகச் செய்தியானது: சாலையை விட்டு நகர முடியாது என்பதால், பெரியவர்களுக்கான டயாப்பர் அணிந்து வேலைக்கு வாருங்கள். சிரித்துவிட்டுத் தாண்டிப்போகக்கூடிய செய்தி. தாண்ட முடியாதது இன்னொன்று. தெருவோரம் வாழ்ந்த நூறு குடும்பங்கள் வரை அந்த நாட்களில் நகருக்கு வெளியே ஓர் உல்லாச விடுதிக்குக் கொண்டுபோய்த் தங்க வைக்கப்பட்டன. சமூக நலத்துறை அமைச்சர் அதை ஒப்புக்கொண்டார். பயிற்சி முகாம் என்று விளக்கம் தந்தார். ஏழைகளைப் பார்க்க வந்த போப்பின் வழியில் ஏழைகள் தென்படவில்லை. 18-ஆம் தேதி லுனெட்டா பூங்காவில் கொட்டும் மழையில் அறுபது லட்சம் பேர் கூடினார்கள் என்றது அரசு.

அதற்கும் முன்னால் ரியோ டி ஜெனிரோ, 2013 ஜூலை. போப்பாக பிரான்சிஸின் முதல் வெளிநாட்டுப் பயணம். ஒரு மாதத்துக்கு முன்புதான் பஸ் கட்டணம் 20 சென்டாவோ உயர்ந்ததை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் பிரேசில் முழுக்கப் பரவி, கட்டண உயர்வைத் திரும்பப் பெற வைத்திருந்தது. போக்குவரத்து என்ற வார்த்தையைச் சொன்னாலே ஊர் கொதிக்கும் நேரம். 22-ஆம் தேதி விமான நிலையத்திலிருந்து வந்த போப்பின் கார், பிரசிடென்ட் வர்கஸ் அவென்யூவில் தவறான பக்கம் திரும்பி, பஸ்களுக்கும் டாக்சிகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. காவலர்கள் அலற, ஜனங்கள் காரை மொய்த்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது. பிரான்சிஸ் கையை நீட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சில நிமிடங்கள் பாதுகாப்பு அதிகாரிகளுக்குக் கெட்ட கனவு. பார்த்தவர்களுக்கு, ஒரு போப் தங்களைப் போலவே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். மறுநாள் கோபகபானாவில், அவர் கலந்துகொள்ள வந்த இளைஞர் விழாவின் தொடக்கத் திருப்பலிக்கு ஜனம் போகும் நேரத்தில் மெட்ரோ மின்தடையால் சுமார் இரண்டு மணி நேரம் நின்றது. வார இறுதிக்கென்று நகருக்கு வெளியே குவாரதிபாவில் அமைத்த பெரிய மைதானம் மழையில் சேறாகி, எல்லாமே கோபகபானா கடற்கரைக்கு மாறியது. அந்த மைதானத்தை நம்பிக் கடை போட்ட சுற்றுவட்டார ஏழைகள் வாங்கிய சரக்கோடு நின்றார்கள். தன் நிர்வாகத்துக்குச் சுழியத்துக்குப் பக்கமான மதிப்பெண்ணைத் தானே போட்டுக்கொண்டார் மேயர் எடுவார்டோ பயஸ்.

ரியோ சொதப்பல், சந்தேகமில்லை. கொழும்பும் அட்டவணைப்படி நடக்கவில்லை. பிலடெல்பியா எல்லாம் சரியாக நடந்த ஊர். ஆனால் மூன்றில் எது ஊராரை மதித்தது என்று கேட்டால் என் விரல் பிலடெல்பியாவைக் காட்டாது. முதல் இரண்டு இடங்களிலும் ஜனங்கள் போப்பைத் தாமதப்படுத்தினார்கள். மூன்றாவது இடத்தில் போப்பின் பெயரால் ஜனங்கள் தாமதமானார்கள். ரியோவில் அன்று ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் நான் இப்படி எழுத முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்காக, துப்பாக்கி இருக்கலாம் என்ற ஒரே சொல்லை வைத்து எத்தனை கிலோமீட்டர் தெருவை, எத்தனை பேருடைய கூலியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றாகிவிடாது. எங்காவது ஓர் எல்லை வேண்டும், அதைப் போடும் மேசையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் சார்பில் பேச ஒரு குரலாவது வேண்டும்.

கார் இல்லாத தெரு

யாரும் திட்டமிடாத ஒன்று பிலடெல்பியாவில் நடந்தது. ஊரை விட்டுப் போகாதவர்கள் சனிக்கிழமை காலை கதவைத் திறந்து பார்த்தால், தெருவில் கார் இல்லை. சத்தமும் இல்லை. நகர மையத்தின் பெரிய சாலைகள் நடுவே குழந்தைகள் பந்து விளையாடினார்கள். நாற்காலியைத் தூக்கி வந்து நடுச்சாலையில் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். சைக்கிள்காரர்கள் திரண்டு கூட்டமாக ஊரைச் சுற்றினார்கள். போப்பைப் பார்க்க ஆசையே இல்லாத, எந்த மதமும் இல்லாத ஆட்களும் இரண்டு நாள் தெருவில் திருவிழாக் கொண்டாடினார்கள். தங்கள் ஊர் இவ்வளவு சின்னது, நடந்தே சுற்றிவிடலாம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

திங்கள்கிழமை வேலி போனது, கார் வந்தது. ஆனால் ருசி கண்டவர்கள் விடவில்லை. போப் இல்லாமலே, வேலி இல்லாமலே, சோதனை இல்லாமலே இதை மறுபடி செய்யலாமே என்று ஒரு குழு கிளம்பி, நகராட்சிக்குக் கோரிக்கை வைத்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2016 செப்டம்பர் 24 சனிக்கிழமை, சவுத் ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்கிப் பல மைல் நீளத்துக்குச் சாலைகளைக் கார்களுக்கு மூடி ஜனங்களுக்குத் திறந்துவிட்டது நகராட்சி. நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள், ஆடினார்கள். பக்கத்துத் தெருவில் பஸ் ஓடியது. கடை திறந்திருந்தது. யாரும் பையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அதே தெரு, அதே தடை. ஆனால் ஊரே கேட்டு வாங்கிய தடை என்பதால் தடையாகத் தெரியவில்லை.

காரை நிறுத்தினால் பஸ்ஸும் ரயிலும் ஓடியாக வேண்டும். அங்கேதான் பிலடெல்பியா பின்னர் இடறியது. 2015-ல் இரண்டு நாளைக்கு மூன்றரை லட்சம் பாஸ் அச்சடித்த செப்டா, பத்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், சுமார் 21 கோடி டாலர் பற்றாக்குறையில் 32 பஸ் தடங்களை அடியோடு நிறுத்தியது. இம்முறை எந்தப் பெரியவரும் ஊருக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாட்களில், நின்றுபோன பஸ்ஸுக்காக நிறுத்தங்களில் பிள்ளைகள் காத்து நின்றார்கள். நீதிமன்றம் தலையிட்டு, செப்டம்பர் நடுவில் தடங்கள் திரும்பின. அவற்றை ஓட்டும் பணம், புது வண்டி வாங்கவும் பழைய ரயிலைப் பழுதுபார்க்கவும் ஒதுக்கி வைத்திருந்த நிதியிலிருந்து எடுத்தது.